வன்னிக்குத் திரும்பி வருகிறவர்கள் நீதிமன்றத்தில் வாய் திறப்பதற்கு முன்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் வந்து இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வீட்டுத்திட்டம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இவற்றைப் பற்றித்தான். சட்டத்தரணியை, அதாவது வழக்கறிஞரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேட்கும் நாளில் ஆள் ஏற்கெனவே எதிரிக் கூண்டில் நிற்பார். தொலைபேசியில் மனைவி அழுவார். எனவே யாரும் கேட்காமலேயே எழுதுகிறேன்.

அங்கே காதில் விழுந்து பழகிய எண்களை முதலில் மறந்துவிடுங்கள். மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் வளர்ந்த நமக்கு 302 என்றால் கொலை, 420 என்றால் ஏமாற்று. இந்தியாவிலேயே 2024 ஜூலையோடு அந்த எண்கள் போய்விட்டன, நம் நாக்கிலிருந்துதான் போகவில்லை. இலங்கையில் இன்றும் நடப்பது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. அதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 296ஆம் பிரிவு. ஆகவே எண்ணைக் கேட்டுப் பதறவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பிணை (ஜாமீன்) கிடைக்குமா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைது செய்கிறவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி வந்து உங்களுக்காகப் பேசலாம், அதற்கு 2012ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்துவிட்டன. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கையெழுத்து வேண்டாம். பொலிஸார் நீதிமன்றத்தில் முதலில் தாக்கல் செய்யும் ‘பி’ அறிக்கை குற்றப்பத்திரம் அல்ல, விசாரணை எந்த அளவில் நிற்கிறது என்ற தகவல்தான். பாரதூரமான வழக்கானால் கோப்பு அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரிடம் போய், குற்றப்பகர்வுப் பத்திரம் என்ற முறையான குற்றப்பத்திரத்தோடு மேல் நீதிமன்றத்துக்கு வரும்.

1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தக் கணக்குக்குள் வராது. அந்தச் சட்டத்தின் பெயர் காதில் விழுந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம்: மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழையுங்கள், வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. போதைப்பொருள் வழக்குகளுக்கும் பிணை விதி தனி.

இனி நான் எழுத வந்த விடயம். என் நண்பன் முகாமிலேயே பிறந்தவன். தகப்பனுடைய காணி நெடுங்கேணிப் பக்கம். ஊர் இடம்பெயர்ந்த பின் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் பற்றை வளர்ந்து, பற்றை மரமாகி, ஒரு நாள் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் முளைத்துவிட்டது. இப்படிப்பட்ட காணிகள் வன்னியில் எத்தனையோ உண்டு, வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. மச்சானிடம் உழவு இயந்திரத்தை வாங்கிப் போய்ப் பற்றையை வெளியாக்கினான். அன்று பின்னேரமே வன அதிகாரிகள் ஆளையும் இயந்திரத்தையும் கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் நீதிமன்ற வாசலில், தேநீர்க் கடைப் பக்கம், ஒரு மனிதர் தானாகவே வந்து பேச்சுக் கொடுத்தார். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. “தம்பி, குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள். தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். வழக்காடினால் வருடக்கணக்கில் தவணைக்கு அலைய வேண்டும்” என்றார். சட்டத்தரணி ஒருவரையும் அவரே ஒழுங்கு செய்து கொடுத்தார். அந்தச் சட்டத்தரணி கோப்பைத் திறந்தும் பார்க்கவில்லை. தகப்பனுக்குக் கிடைத்த காணி அனுமதிப்பத்திரம் நண்பனின் பையில் மடித்தபடியே இருந்தது.

முகாமில் வளர்ந்தவனுக்கு இந்தப் பொறி கண்ணில் படாது. அகதிகளைக் கண்காணிக்கும் தமிழ்நாட்டுக் காவல்துறையின் கியூ பிரிவு கூப்பிட்டால் போவது, வருவாய் ஆய்வாளர் கேட்டால் தலையாட்டுவது, தலையாட்டினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்பது, இவைதான் நமக்குக் கிடைத்த சட்டக் கல்வி. மறுத்துப் பேசுகிறவனுக்குச் சிறப்பு முகாம் என்ற தடுப்பு முகாம் காத்திருந்த காலத்தில் அது புத்திசாலித்தனம்தான். இங்கே அதே தலையாட்டல் ஆளைக் குப்புற விழுத்துகிறது.

பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றாகக் காட்ட முடியாது. வனக் குற்றத்தில் வன அதிகாரிக்குக் கொடுத்ததும் அப்படியே. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அந்த அளவுக்கு நம்மைக் காக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது செல்லும். ஆனால் நீதவான் குற்றச்சாட்டை வாசித்துக் கேட்கும்போது “ஒப்புக்கொள்கிறேன்” என்றால் அதற்குப் பிறகு சான்று எதுவும் தேவையில்லை. அந்த நிமிடமே நீங்கள் குற்றவாளி. தானாக ஒப்புக்கொண்டவனுக்கு மேன்முறையீட்டு வாசலும் பெரும்பாலும் சாத்தப்பட்டதுதான்.

நண்பன் ஒப்புக்கொண்டான், தண்டப்பணம் கட்டினான், சொன்னபடியே மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டான். உழவு இயந்திரம் வரவில்லை. வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவை அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லவே இல்லை. குற்றம் நிரூபணமானால், அந்தக் குற்றத்துக்குப் பயன்பட்ட கருவி, வாகனம், மாடு எல்லாமே மற்றத் தண்டனைகளுக்கு மேலதிகமாக அரசுடைமையாகும். வாகனம் வேறொருவருடையது என்றால், இப்படி ஒரு குற்றத்துக்குப் பயன்படாதிருக்கத் தன்னாலான முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்ததாக அந்த உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். குற்றவாளி என்ற தீர்ப்பு இல்லாவிட்டால் இந்தப் பேச்சே எழாது. ஒப்புதல்தான் அந்தக் கதவைத் திறந்துவிட்டது.

வாகன விசாரணையில் மச்சானைக் கேட்டார்கள்: கொடுக்கும்போது எங்கே உழப்போகிறார் என்று விசாரித்தீர்களா, காணிப் பத்திரத்தைப் பார்த்தீர்களா? தங்கையின் கணவன் உழவு இயந்திரம் கேட்டு வந்து நிற்கும்போது எந்த ஊரில் எவன் பத்திரம் கேட்பான்? கேட்டால் அடுத்த நன்மை தின்மைக்கு ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிக்க முடியாது. உள்ளதைத்தான் சொன்னார், இயந்திரம் போய்விட்டது. பெண்சாதியின் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கிய இயந்திரம் அது. இப்போது பத்திரம் கேட்காமலேயே படி மிதிப்பது நின்றுவிட்டது.

பையிலிருந்த அனுமதிப்பத்திரம் வழக்கை வென்று கொடுத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. காட்டப்படவே இல்லை என்பதுதான் என் எரிச்சல். இன்று பிரதேச செயலகத்தில் அதே காணிக்கு அவன் போய் நின்றால், “காடு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களே” என்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டால் அங்கேயும் இந்தத் தீர்ப்பு வந்து நிற்கும்.

ஆகவே சட்டத்தரணியை வாசலில் பிடிக்காதீர்கள். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடம். வழக்கு இல்லாத ஒரு காலையில் போய்ப் பின் வாங்கிலில் உட்காருங்கள். வடக்கில் வழக்கு தமிழில்தான் நடக்கிறது, எல்லாம் விளங்கும். யார் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார், யார் வெறுமனே அடுத்த தவணை கேட்டுவிட்டு உட்காருகிறார் என்று ஒரு காலைக்குள் தெரிந்துவிடும். ஊர்க் கிழவிகள் இன்னமும் “கெட்டிக்கார அப்புக்காத்து” (வழக்கறிஞர்) என்று ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், கிழவிகள் காணி வழக்குகளை நிறையப் பார்த்தவர்கள்.

பணம் பேசுவதற்கு முன், “‘பி’ அறிக்கையைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், நகர்த்தல் பத்திரம் என்ற விண்ணப்பத்தை நீதிமன்றத்தில் போட்டுப் பிரதி எடுத்துப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். கட்டணம் தவணைக்கா, வழக்கு முழுவதற்குமா, அவரே வருவாரா, கனிஷ்ட சட்டத்தரணியை அனுப்புவாரா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். வாகனமோ காணியோ சிக்கியிருந்தால், “ஒப்புக்கொண்டால் இவற்றுக்கு என்ன நடக்கும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர் உங்களுக்கு வேண்டாம். “நீதவானை எனக்கு நல்லாய்த் தெரியும்” என்கிறவரிடம் கும்பிட்டுவிட்டு எழுந்து வாருங்கள். கையில் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்கென்றே அமைந்தது. வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

சில வழக்குகளில் ஒப்புக்கொள்வதே சரியாக இருக்கும். அதையும் கோப்பைப் படித்தவர் சொல்ல வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றவாளியாகப் பதிவு செய்யாமலே எச்சரித்து விடுவிக்கவும் நீதவானால் முடியும். அதைக் கேட்டுப் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

புறப்படாமல் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அன்று கடவுச்சீட்டு இல்லாமல் படகேறிப் போனது 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் குற்றம்தான். 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய வயதான ஒருவரை அதற்காகவே பிடித்தார்கள், பிறகு பிணையில் விட்டார்கள். குண்டு விழுந்த நாட்களில் ஓடியவனிடம் கடவுச்சீட்டுக் கேட்கிற சட்டத்தைப் பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் அச்சேறாது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவருடைய இலக்கத்தைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். சரீரப் பிணைக்கு, அதாவது உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட, ஆள் தேவைப்படும். தேசிய அடையாள அட்டையும், கிராம உத்தியோகத்தர் கொடுத்துப் பிரதேச செயலாளர் ஒப்பமிட்ட வதிவிடச் சான்றிதழும் உள்ள உறவினர் இருவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பிடிபட்டால் அந்தச் சான்றிதழை எடுக்கத் திங்கட்கிழமை வரை கந்தோர் திறக்காது.