ஹோட்டல் அறை அலமாரிகள்: வரைபடத்தில் விட்டுப்போகும் சூட்கேஸ்

ஓரிரு இரவு தங்க வருபவர் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்குவதில்லை. சூட்கேஸைத் திறந்து போட்டு, வேண்டியதை அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார். வீட்டுப் படுக்கையறைக்குப் போடும் கணக்கை ஹோட்டலுக்கும் போட்டால் அறையில் ஆறு டிராயர் இருக்கும், பெட்டியைத் திறந்து வைக்க இடம் இருக்காது. ஹோட்டல் அறை வரைபடம் எதையாவது எடுத்துப் பாருங்கள்: கட்டில், மேசை, டிவி எல்லாம் இருக்கும், திறந்த சூட்கேஸ் மட்டும் இருக்காது.

பெரிய சூட்கேஸ் ஒன்று ஏறத்தாழ 75 செ.மீ. நீளம், 50 அகலம், 30 கனம். கெட்டி ஓடு கொண்டவை நடுவில் இரண்டாகப் பிளந்து திறக்கும். சுவரோரம் பெட்டி வைக்கப் போடும் 45 செ.மீ. ஆழ பெஞ்சில் அதை வைத்தால் ஒரு பாதி படுத்திருக்கும், மறுபாதி சுவரில் சாய்ந்து நிற்கும். சாய்ந்த பாதியே 15 செ.மீ. தின்றுவிடுவதால், படுத்த பாதியில் 20 செ.மீ. வெளியே தொங்கும். அதன்மேல் கை ஊன்றினால் பெட்டி கவிழும். எனவே ஆழம் 65 செ.மீ., பெட்டி ஒன்றுக்கு அகலம் 80, உயரம் 45 என்று வையுங்கள். இருவர் தங்கும் அறைக்கு இரண்டு இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டாவதற்கு மடக்கு ஸ்டாண்டு கொடுக்கலாம். படுத்த பாதியின் 15 செ.மீ. கனத்துக்கு மேல் மறுபாதி 50 செ.மீ. நிற்பதால், பெஞ்சுக்கு மேல் 70 செ.மீ. சுவர் காலியாக இருக்கட்டும். அங்கேயே டிவியைத் தாழ்வாக மாட்டினால் பெட்டியின் மேல்பாதி திரையில் இடிக்கும்.

சக்கரம் தெருவெல்லாம் உருண்டு வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். துணி மெத்தை போட்ட பெஞ்சு படத்துக்குத்தான் அழகு. மேல்பரப்புக்குக் கல் அல்லது கெட்டியான லேமினேட், முன்விளிம்புக்கு 2 மி.மீ. எட்ஜ் பேண்டிங் (பலகையின் வெட்டு விளிம்பை மூட ஒட்டும் பட்டை). 0.8 மி.மீ. பட்டை இடிபட்டு உரியும், அந்த வழியாக ஈரம் இறங்கிப் பலகை உப்பும். பின்சுவரையும் வெறும் பெயின்ட்டோடு விட்டால் கறுப்புக் கோடுகள்தான் மிஞ்சும். பெஞ்சுக்கு மேல் 65 செ.மீ. வரை ஒரு தடுப்புப் பலகை அடித்துவிடலாம்.

வார்ட்ரோபில் ஆழம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. ஹேங்கரின் அகலமே 42 முதல் 45 செ.மீ. அதில் கோட்டு மாட்டினால் 55 ஆகிவிடும். உள் ஆழம் 55க்குக் குறைந்தால் கதவு துணியை நசுக்கும். நகரும் கதவு என்றால் அதன் தடத்துக்கு இன்னும் 8 முதல் 10 செ.மீ. சேருங்கள். இடமே இல்லையா? கதவை எடுத்துவிட்டு, முன்னால் இழுக்கும் கம்பி போடுங்கள். குறுகலான அறைக்குத் திறந்த வார்ட்ரோபே மேல் என்பது எங்கள் எண்ணம், மறந்துபோன சட்டையும் கண்ணில் படும். கம்பிக்கும் அதன் மேல் தட்டுக்கும் 6 செ.மீ. இடைவெளி விடாவிட்டால் ஹேங்கர் கொக்கியைத் தூக்கி எடுக்க முடியாது. சிறு விஷயம்தான், ஆனால் அடிக்கடி நடக்கிறது. நீளமான உடைக்குக் கம்பியின் கீழ் 150 செ.மீ. ஓர் ஓரத்தில் இருந்தால் போதும். சட்டைக்கு 100 செ.மீ. தாராளம். சக்கர நாற்காலியில் வருபவருக்கான அறையில் கம்பி 120 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது.

கீல் கதவுக்குப் பின்னால் டிராயரோ லாக்கரோ வைக்கும்போது பக்கப்பலகையை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். கதவு 90 பாகை மட்டுமே திறந்தால் டிராயர் அதில் மாட்டிக்கொள்ளும். கீல் பக்கம் 4, 5 செ.மீ. அடைப்புப் பட்டை விட வேண்டும். லாக்கரைத் தரைமட்டத்தில் வைத்து விருந்தினரை மண்டியிட வைக்காதீர்கள், 100 முதல் 130 செ.மீ. உயரம் சரி. லேப்டாப் உள்ளே போகிறதா என்று அளந்து வாங்குங்கள். தட்டோடு மட்டும் திருகினால் தட்டோடு பெயர்த்துவிடலாம், போல்ட் சுவருக்குள் இறங்க வேண்டும்.

மினிபார் விஷயத்தில் பழியைப் பிரிட்ஜ் சுமக்கிறது, தவறு தச்சு வேலையில் இருக்கிறது. ஹோட்டல்களில் பரவலாகப் பயன்படும், வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் அப்சார்ப்ஷன் வகையில் கம்ப்ரசர் இல்லை, அதனால் சத்தமும் இல்லை. வெப்பம் முழுவதும் பின்புறத் தகடுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாலாபுறமும் மூடிய பெட்டிக்குள் அடைத்தால் அந்தச் சூடு உள்ளேயே சுழலும். தண்ணீர் குளிராது, லேமினேட்டின் பசை விடும். அடிப்பலகையில் காற்று நுழைய ஒரு திறப்பு, மேலே பின்பக்கம் வெளியேற ஒரு திறப்பு, இரண்டும் வேண்டும். அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். முன்கதவில் மட்டும் துளை போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

டிராயர் இரண்டு போதும், நெடுநாள் தங்குமிடம் என்றால் மட்டும் கூட்டுங்கள். குளியலறையில் ஆளுக்கு 30 செ.மீ. மேடை, ஷவருக்குள் ஒரு தட்டு, கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கி. கட்டிலடியை முழுக்க அடைத்துவிடுங்கள், அல்லது துடைப்பம் புகும்படி 20 செ.மீ. உயர்த்துங்கள்.

அறைகள் அத்தனைக்கும் பலகை அறுக்கும் முன் ஒரு மாதிரி அறை கட்டி, நிரம்பிய பெரிய சூட்கேஸ் இரண்டைக் கொண்டுவந்து திறந்து வையுங்கள். வாசல், குளியலறை, வார்ட்ரோப் கதவுகளை ஒரே நேரத்தில் திறந்து, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஹவுஸ்கீப்பிங் ஊழியர் ஒருவரை அழைத்து, பெட்டிகளை நகர்த்தாமல் படுக்கை விரிப்பை மாற்றச் சொல்லுங்கள்.