எஞ்சின் சூடேறவில்லையா? மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது வெப்பமுள் சரிந்துவிடுகிறதா? தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து, கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கி, விசிறிப் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்லமெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை. ஹோஸ் நன்றாகச் சுட்டும் முள் எழாவிட்டால் சென்சாரைச் சோதியுங்கள்.

தருமபுரி வெயிலுக்கு இது எதற்கென்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் பட்டறைகள் உண்டு. எனக்குக் கோபம்தான் வருகிறது. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். பழைய கார் வாங்கியவர்கள், தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்றே பாருங்கள். அதன் மூடியைத் திறக்குமுன் எஞ்சின் முழுதாக ஆறட்டும்.