பெருங்குடல் அழற்சி: வளர்ச்சிக் காரணி என்றதும் செய்யும் தவறுகள்

பெருங்குடலின் உட்படலம் 3 முதல் 5 நாளுக்குள் புதிதாகிவிடுகிறது. பழைய கலங்கள் (செல்கள்) உதிர, அடியில் பிறந்தவை மேலேறி வருகின்றன. இந்த வேலையை முடுக்கிவிடுவதில் வளர்ச்சிக் காரணிகள் எனும் சிறு புரதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றில் பிரபலமானது ஈஜிஎப். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் கண்டுபிடித்தது. 1986இல் நோபல் பரிசில் பங்கும் வாங்கித் தந்தது. நம் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் அது இருக்கிறது. படலத்தில் புண் வந்தால் பக்கத்துக் கலங்களை நகர்த்தி இடைவெளியை மூட வைக்கும். டிஜிஎப் பீட்டா என்ற இன்னொன்று, கிளர்ந்தெழும் நோய் எதிர்ப்புக் கலங்களை அடக்கி வைக்கும்.

இதைக் கேட்டதும் பலருக்குத் தோன்றுவது, ‘அப்போ அதையே வாங்கிக் குடித்தால் என்ன?’ என்பதுதான். பேஸ்புக்கில் பார்த்த பசுவின் சீம்பால் பவுடரை, அதில் வளர்ச்சிக் காரணி இருக்கிறதாம் என்று திருகோணமலைக்கு கூரியரில் வரவழைத்துவிட்டு, குடல் அழற்சியைத் தணிக்க வைத்தியர் தந்த மெசலசின் குளிசையை மூலையில் போடுவது முதல் தவறு. வாயால் போகும் புரதத்தில் எவ்வளவு பெருங்குடல்வரை உருப்படியாகப் போய்ச் சேரும் என்பது ஒரு கேள்வி. அதைவிடச் சுவாரசியமான தடையும் உண்டு. ஈஜிஎப்பை ஏற்கும் வாங்கிகள் கலத்தின் அடிப்புறமாக, இரத்தக் குழாய்ப் பக்கமாகவே பெரும்பாலும் அமைந்திருக்கின்றன. வாசல் வீட்டின் பின்புறம் இருக்க, முன்புறம் நின்று தட்டுவது போலத்தான். படலம் கிழிந்தால்தான் உள்ளே வழி திறக்கும்.

அதற்காக ஆய்வுகள் எல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. 2003இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும், புண் உண்டாக்கும் பெருங்குடல் அழற்சி உள்ளவர்களுக்கு ஈஜிஎப்பை மலவாசல் வழியாக எனிமாவாகக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் 12 பேரில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஈஜிஎப் இல்லாத எனிமா பெற்ற மற்றக் குழுவில் 12 பேரில் ஒருவருக்கு மட்டும். ஆனால் எல்லோரும் மெசலசினும் எடுத்தார்கள் என்பதை விளம்பரக்காரர் சொல்லமாட்டார். இதே யோசனையில் கேஜிஎப்-2 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியை ஊசியாகப் பரிசோதித்தபோது பலன் கிடைக்கவில்லை. ஆக, 24 பேரின் ஆய்வை வைத்து மருந்தை நிறுத்துவது புத்தியல்ல.

வளர்ச்சி கூடினால் நல்லதுதானே என்ற நினைப்பும் பிழை. பெருங்குடல் புற்றுநோய்க் கலங்களும் ஈஜிஎப் வாங்கியைப் பயன்படுத்தி வளர்கின்றன. அதை அடைக்கவே செடுக்சிமாப் போன்ற மருந்துகள் வந்தன. நீண்டகால அழற்சியே புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். அதனால்தான் நோய் தொடங்கி ஏறத்தாழ 8 வருடம் ஆனவர்களைக் கொலனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு) வரச் சொல்கிறார்கள். நோவு இல்லையே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் வலிக் குளிசை. கரைவலை இழுத்து இடுப்பு நோகிறவர் பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடுவார். அது படலத்தைக் காக்கும் புரொஸ்டகிளாண்டினைக் குறைத்துவிடும். சிலருக்கு தணிந்திருந்த நோய் மறுபடி கிளம்பும். நோய் இருப்பதைச் சொல்லி, வைத்தியரிடம் வேறு வலி மருந்து கேளுங்கள்.

மலத்தோடு இரத்தம் போனால் ‘மூலம்தான்’ என்று தாங்களே முடிவுகட்டுவது இன்னொரு வழக்கம். உறவினர் வீட்டில் மிஞ்சிய, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொய்டை எடுத்துப் போடுவது அதைவிட ஆபத்து: உள்ளே இருப்பது குடலைத் தாக்கும் அமீபாக் கிருமி என்றால் ஸ்டீரொய்ட் அதை மோசமாக்கும். முதலில் மலப் பரிசோதனை.

இரத்தம் நின்றதும் கிளினிக்கை விட்டுவிடுவதும் நடக்கிறது. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிறவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் வெளியே சுகம் தெரிந்த பின்னும் படலம் முழுதாக ஆறியிருக்காது. குளிசையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பது கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுத வேண்டிய விஷயம்.

கடைசியாகச் சாப்பாடு. நோய் கடுமையாக இருக்கும்போது நார் குறைந்த கஞ்சி சரி. தணிந்த பிறகும் மரக்கறியைத் தொடாமல் இருக்கிறார்கள் சிலர். நாரைப் பாக்டீரியா நொதிக்க வைக்கும்போது உண்டாகும் பியூட்டிரேட்தான் பெருங்குடல் கலங்களின் முக்கிய உணவு. டிஜிஎப் பீட்டா சுரக்கவும் அது தூண்டுகிறது. குடல் எங்கும் ஒடுங்கியிருக்கவில்லை என்று வைத்தியர் சொன்னால், குரக்கன் பிட்டையும் முருங்கையிலைச் சுண்டலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்க்கலாம்.