இழுத்தா வராது, உள்ளே தள்ளணும்: பின் ஆக்ஸில் சி-லாக் கழட்டுற முறை

ஏற்காடு அடிவாரத்துல பட்டறை வெச்சிருக்கேன். மலையிறங்குற வண்டிக்கு ஏதாவதுன்னா முதல்ல நம்ம வாசல்லதான் நிக்கும். போன காப்பி சீசன்ல ஒரு எஸ்டேட்காரர் பழைய ஜீப் செரோகியோட வந்தார். "மேஸ்திரி, பிரேக் மிதிச்சா வண்டி இடப்பக்கமே ஓடுதுங்க." 20 கொண்டை ஊசி வளைவையும் அப்படியே இறங்கி வந்திருக்கார், மனுசன்! வலது பின் ட்ரம்மைக் கழட்டினா பிரேக் லைனர் முழுக்க கியர் ஆயில். ஆக்ஸில் சீல், அதாவது ஆயில் வெளியே வராம தடுக்கற வளையம், போச்சு.

சீல் மாத்த ஆக்ஸில் ஷாஃப்ட்டை, அதாவது வீலைச் சுத்துற தண்டை, உருவணும். நம்ம வண்டி பலதுல வீல் பக்கத்து போல்ட்டுகளைக் கழட்டினா ஷாஃப்ட் வந்துடும். இது வேற ரகம். ஷாஃப்ட்டோட உள்முனையில ஒரு காடி வெட்டியிருக்கும். அதுல குதிரை லாடம் மாதிரி ஒரு லாக் உக்காந்திருக்கும், அதுதான் சி-லாக். ஆக்ஸில் வெளியே வராம பிடிச்சிருக்கறது அந்த லாடம் மட்டும்தான். (ஷாஃப்ட் நடுவுல ஒடைஞ்சா வீலோட சேர்ந்து வெளியே வந்துடும். மலை வண்டிக்கு எனக்கு இந்த ரகம் பிடிக்காது.) தொழில் கத்துக்கிட்ட காலத்துல இது தெரியாம ஸ்லைடு ஹேமர் (எடையைத் தண்டுல சறுக்கி அடிச்சு இழுக்கற கருவி) போட்டு அரை நாள் இழுத்திருக்கேன். குரு பீடி முடியற வரைக்கும் வேடிக்கை பார்த்துட்டு, "உள்ளே தள்ளுடா"ன்னார்.

முன் வீலுக்குக் கட்டை கொடுங்க, பின்பக்கம் ஏத்தி ரெண்டு ஸ்டாண்டு போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீங்க. நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கணும். வீலும் ட்ரம்மும் கழட்டியாச்சா, டிஃபரன்ஷியல் மூடிக்கு, அதாவது ஆக்ஸில் நடுவுல இருக்கற கியர் பெட்டியோட மூடிக்கு, வாங்க. இந்த வண்டியில 10 போல்ட். மேல ரெண்டு போல்ட்டை மட்டும் ரெண்டு மரை பிடிப்புல விட்டுட்டு மத்ததை எடுத்து, கீழ நெம்புங்க. ஆயில் தட்டுல இறங்கிடும்.

உள்ளே ஸ்டார் பினியன்னு சொல்ற சின்னக் கியர் ரெண்டையும் கோத்துக்கிட்டு ஒரு பின் (உருட்டுக் கம்பி) குறுக்கே போகும். அந்தப் பின்னுக்கு ஒரு குட்டி லாக் போல்ட். அது கண்ணுக்கு நேரா வர்ற வரைக்கும் கிரவுனை (பெரிய பல்சக்கரத்தை) சுத்துங்க. ஆறு பட்டை சாக்கெட் மட்டும் போடுங்க. பன்னெண்டு பட்டை போட்டா தலை மழுங்கிடும். லாக் போல்ட் வந்ததும் பின்னைக் கையால உருவிடலாம்.

இனிமே எதையும் சுத்தக்கூடாது. வெளிச்சம் பத்தலைன்னு பையன் ஒருத்தன் ஒருதடவை ஹப்பைக் கொஞ்சம் திருப்பினான். ஸ்டார் பினியன் ரெண்டும் உருண்டு, பின்னால இருக்கற கிண்ண வாஷரோட 'டொப்'புனு ஆயில் தட்டுல விழுந்தது. திருப்பிக் கோக்க, ரெண்டையும் நேரெதிரா வெச்சு ஒண்ணா உருட்டி ஏத்தணும். ஒரு பல்லு தள்ளி உக்காந்தாலும் ஓட்டை நேருக்கு வராது, பின் நுழையாது. அன்னிக்கு மத்தியானச் சோறு நாலு மணிக்கு.

இப்பதான் குரு சொன்னது. ஷாஃப்ட் முனை நுழையற சைடு கியர் முகத்துல ஒரு குழி இருக்கு, சி-லாக் அதுக்குள்ள பதுங்கியிருக்கும். ஆக்ஸிலை வெளியே இழுக்க இழுக்க அது குழிக்குள்ள இன்னும் இறுகும். அதனால வீல் பக்கத்துலருந்து ஷாஃப்ட்டை உள்ளே தள்ளுங்க, கொஞ்சம்தான். லாக் குழியை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். காந்தக் குச்சியால எடுத்துடுங்க, சில நேரம் தானாவே விழும். வலது இடது மாறாம தனித்தனியா வைங்க.

உருவும்போது ஷாஃப்ட்டை அடியில தாங்கிப் பிடிங்க. சீல் மாத்தலைன்னா இது ரொம்ப முக்கியம். ஷாஃப்ட் முனையில இருக்கற ஸ்ப்ளைன் பல்லு சீலோட உதட்டைக் கிழிச்சிடும். வெளியே வந்ததும் சீல் ஓடுற இடத்தை நகத்தால தடவுங்க. நகம் மாட்டினா அங்க பள்ளம் விழுந்திருக்கு, புது சீல் போட்டாலும் ஒழுகும். செரோகியில நல்லவேளை வழவழன்னு இருந்தது.

மாட்டும்போது சி-லாக்கைக் காடியில வெச்சு ஷாஃப்ட்டை வெளியே இழுங்க, குழிக்குள்ள உக்காந்துடும். ரெண்டு ஷாஃப்ட் முனைக்கும் நடுவுல பின் போயிட்டா ஆக்ஸில் உள்ளே நகராது, லாக்கும் விழாது. லாக் போல்ட் புதுசு போட்டு மரையில லாக்டைட் (போல்ட் கழலாம பிடிக்கற பசை) தடவுங்க. அது கழண்டா பின் கிளம்பி ஹவுசிங்கையே உடைக்கும். மூடிக்குப் பேஸ்ட் தடவி முடுக்கிட்டு, ஜிஎல்-5 கியர் ஆயில் ஃபில்லர் ஓட்டை ஓரம் வரைக்கும் விடுங்க. ஆயில் குடிச்ச லைனரைத் தொடைச்சுப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் மாத்திடுங்க.

செரோகியை அஞ்சாவது வளைவு வரைக்கும் ஓட்டிட்டு வந்து, ராத்திரி ரெண்டு வீலுக்கும் கீழே பேப்பர் விரிச்சு வெச்சேன். காலையில பேப்பர் காஞ்சிருந்தது. அப்புறம்தான் எஸ்டேட்காரருக்கு போன் போட்டேன்.