கப்பல் மிதந்தால் பங்கும் மிதக்குமா? நலிந்த கப்பல் கட்டும் தளத்தில் பணம் போடுமுன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவார், சித்தியவான் வட்டாரத்துத் தோட்டப் பட்டணங்களில் லுமுட் கப்பல் கட்டும் தளம் செய்தித்தாளில் மட்டும் வரும் பெயரன்று. செம்பனைத் தோட்டத்து லயங்களில் பிறந்த பிள்ளைகளுள் வெல்டிங் வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் அங்கே போனவர்கள் உண்டு. ஆகவே தளத்திற்குப் புதிய பணம் வருகிறது என்றோ, கப்பல் நீரில் இறங்கிவிட்டது என்றோ செய்தி வந்தால், மறுநாள் காலையில் ஒட்டுக்கடை மேசையில் எழும் முதல் கேள்வி, அதன் பங்கை இப்போது வாங்கலாமா என்பதுதான். அப்படிக் கேட்பவர்களுக்காகவும், முன்பே வாங்கிவிட்டு விலை திரும்பும் என்று காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தளம் பிழைப்பது வேறு, பங்குதாரர் பிழைப்பது வேறு. கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்கான வழியே.

முதலில், நீங்கள் வாங்கப்போகும் பங்கின் பெயரையும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. லுமுட்டையே எடுத்துக்கொள்வோம். கடற்படைக்குக் கப்பல் கட்டிய பூஸ்டெட் நேவல் ஷிப்யார்டு நிறுவனத்தில் பூஸ்டெட் ஹோல்டிங்ஸ் 68.85 விழுக்காடும், ஆயுதப்படை நிதி வாரியம் 10.38 விழுக்காடும், மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் பட்டியலிடப்பட்ட பூஸ்டெட் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 20.77 விழுக்காடும் வைத்திருந்தன. அதாவது தளம் 100 ரிங்கிட் சம்பாதித்திருந்தால், சந்தையில் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் பங்கை வாங்கியவர்கள் எல்லாரும் சேர்ந்து உரிமை கொண்டாடக்கூடியது 21 ரிங்கிட்டுக்கும் குறைவு. தளத்தை நிதி அமைச்சுக்குச் சொந்தமான நிறுவனம் ஒன்றின் வழியே எடுத்துக்கொள்வதென்று 2023இல் அரசாங்கம் முடிவு செய்தது. இன்று அது லுமுட் நேவல் ஷிப்யார்டு, சுருக்கமாக லூனாஸ், என்ற பெயரில் அரசின் கையில் இருக்கிறது. லூனாஸ் கப்பலை ஒப்படைக்கும் நாளில் மகிழ வேண்டியவர் பலர் உண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பங்காக வாங்குவதற்குச் சந்தையில் வழியில்லை. இதை அறியாமல், பெயரில் கப்பல் வாடை அடிக்கும் ஏதோ ஒரு பங்கை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்கள், இணை நிறுவனங்கள் என்ற பட்டியலைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இந்தச் சோதனை முடிந்துவிடும்.

அடுத்தது பணத்தின் நடமாட்டம். இதற்குத்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். கப்பலை முடித்துக் கொடுத்த பிறகு மொத்தமாகப் பணம் வாங்கும் தொழில் இதுவன்று. எஃகுத் தகடு வெட்டுதல், அடிக்கட்டை நிறுவுதல், வெள்ளோட்டம், துறைமுகச் சோதனை, கடற்சோதனை, ஒப்படைப்பு என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு தொகை வருகிறது. எனவே கையில் உள்ள ஒப்பந்தம் எத்தனை கோடி என்ற கணக்கு நிறுவனத்தின் நலத்தைக் காட்டாது. வாங்கிய பணத்திற்கு ஈடான வேலை முடிந்திருக்கிறதா, முடிக்கப்படாத வேலைக்கு மீதித் தொகை போதுமா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். லுமுட்டின் கரையோரப் போர்க்கப்பல் திட்டம் 6 கப்பல்களுக்கு ஏறத்தாழ 913 கோடி ரிங்கிட் என்று தொடங்கியது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்குள் 608 கோடி ரிங்கிட் கொடுக்கப்பட்டிருந்தது. முதல் அட்டவணைப்படி அம்மாதத்திற்குள் 5 கப்பல்கள் வந்திருக்க வேண்டும், வந்ததோ ஒன்றுமில்லை. 2023இல் கப்பல்களின் எண்ணிக்கை 5 ஆகக் குறைக்கப்பட்டது, செலவோ ஏறத்தாழ 1,122 கோடியாக உயர்ந்தது.

அதே அறிக்கையில் உள்ள இன்னொரு தொகையைச் சிறு முதலீட்டாளர் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். புதிய திட்டத்திற்கு வந்த பணத்திலிருந்து 40 கோடி ரிங்கிட், முந்தைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் பழைய கடன்களை அடைக்கப் போயிற்று. அந்தப் பழைய திட்டத்தைத் தொடங்கியது பிஎஸ்சி நிறுவனம். அது தள்ளாடியபோது 2005இல் பூஸ்டெட் குழுமம் உள்ளே வந்தது. அன்றும் மீட்சி என்றுதான் சொன்னார்கள். முதலாளி மாறலாம், பெயர்ப்பலகை மாறலாம், பழைய கடன்காரர் அதே வாசலில்தான் நிற்பார். ஆகவே மீட்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது, பழைய கடனை யார் ஏற்கிறார்கள், தாமதத்திற்கான இழப்பீட்டை யார் கட்டுகிறார்கள் என்ற இரண்டு விடைகளும் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் காத்திருப்பதில் நட்டமொன்றும் இல்லை.

விழாக்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முதல் கப்பலான மகாராஜா லேலாவுக்கு 2017 ஆகஸ்டிலேயே வெள்ளோட்ட விழா நடந்தது. கப்பல் உண்மையில் நீரில் இறக்கப்பட்டது 2024 மே மாதத்தில்.

மூன்றாவதாக, வரப்போகும் மீட்பு எவ்வகையானது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உரிமைப் பங்கு வெளியீடாக இருந்தால், நிறுவனம் உங்களிடமே மறுபடியும் பணம் கேட்கிறது என்று பொருள். சிங்கப்பூரின் செம்ப்கார்ப் மரீன் 2020இல் ஒரு பங்குக்கு 5 புதிய பங்குகளை 20 காசு விலையிலும், 2021இல் 2 பங்குகளுக்கு 3 புதிய பங்குகளை 8 காசு விலையிலும் வழங்கி, முதல் முறை 210 கோடி, இரண்டாம் முறை 150 கோடி சிங்கப்பூர் வெள்ளி திரட்டியது. தொடக்கத்தில் 1,000 பங்கு வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் முறை 5,000 பங்குகளுக்கு 1,000 வெள்ளி, இரண்டாம் முறை 9,000 பங்குகளுக்கு 720 வெள்ளி, ஆக ஓராண்டு இடைவெளியில் 1,720 வெள்ளியை அவர் கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். போட முடியாதவரின் உரிமை முன்பு இருந்ததில் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த நிறுவனம் பின்னர் கெப்பலின் கடல்சார் பிரிவோடு இணைந்து சீட்ரியம் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நிறுவனம் நிலைத்தது; கையில் மேலும் பணம் இல்லாதவர் மெலிந்தார்.

மூலதனக் குறைப்பு, அதாவது பழைய பங்குகளைச் சுருக்கிவிடுவது, இதைவிடக் கடுமையானது. குஜராத்தின் பிப்பாவாவ் தளத்தை நடத்திய ரிலையன்ஸ் நேவல் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போய் ஸ்வான் குழுமத்தின் கைக்கு மாறியபோது, பழைய பொதுப் பங்குதாரர்களுக்கு 275 பங்குகளுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் கொடுத்தார்கள். 1,000 பங்கு வைத்திருந்தவருக்கு முழுப் பங்காகக் கிடைத்தது 3. அந்தத் தளமும் பிழைத்துக்கொண்டது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் நலிந்த நிறுவனங்களுக்குப் புர்சா ஒரு முத்திரை வைத்திருக்கிறது. பிஎன்17 என்பது அதன் பெயர். பங்குதாரர் நிதி, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்து மிஞ்சுவது, பங்கு மூலதனத்தில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் 4 கோடி ரிங்கிட்டுக்குக் கீழாகவும் இறங்கினால், அல்லது கணக்காய்வாளர் கருத்துச் சொல்ல மறுத்தால், அந்த நிலை வரலாம். வந்த பிறகு சீரமைப்புத் திட்டத்தைச் சமர்ப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. இந்த முத்திரை விழுந்ததும் விலை மலிவாகிவிட்டது என்று ஓடிப்போய் வாங்குவது தவறு. திட்டம் வெளிவந்து, அதில் மூலதனக் குறைப்பு எவ்வளவு என்று தெரிந்த பிறகே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும். எல்லா அறிவிப்புகளையும் புர்சாவின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். காலாண்டு அறிக்கை, காலாண்டு முடிந்த 2 மாதத்திற்குள் வந்துவிடும். ஆங்கிலம் சிரமமென்றால் பள்ளி முடித்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து, கணக்காய்வாளர் அறிக்கையில் நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய பத்தியை மட்டுமாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாட்சாப்பில் வரும் இலக்கு விலைகளைவிட அந்த ஒரு பத்தி பயன்படும்.

எந்தப் பணத்தைப் போடுவது என்பதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது கிடைத்த இழப்பீடு, பிள்ளையின் படிப்புக்கான கூட்டுச் சீட்டுப் பணம், ஊழியர் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்த தொகை ஆகிய மூன்றும் இதற்கு ஆகாதவை. சேமநிதி 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. அதை விட்டு வெளியே வரும் பணம், அதற்கு மேல் சம்பாதிக்கும் என்று காரணத்தோடு சொல்ல முடிய வேண்டும். நம் சமூகத்திற்குப் பங்கு என்றதும், மஇகா கட்சி தொடங்கிய மைக்கா முதலீட்டு நிறுவனம் நினைவு வருவது இயல்பே. 1982இல் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டி, தொடங்கி 28 ஆண்டுகள் கழித்துப் பங்குக்கு 80 காசு என்ற கொள்முதல் விலையில் முடிந்த கதை அது. அன்று பலர் வாங்கியது கணக்கைப் படித்து அல்ல, நம்முடையது என்ற உணர்வினால். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்யும் தளம் என்ற உணர்வும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வாங்க முடிவு செய்தால், குறைந்த அளவு 100 பங்கு என்பதால் சிறிதாகவே தொடங்கலாம். உரிமைப் பங்கு வந்தால் போடுவதற்கென்று இன்னொரு மடங்குத் தொகையை இப்போதே ஒதுக்கி வையுங்கள். அது முடியாதென்றால் முதல் தொகையைப் பாதியாக்குங்கள். உங்கள் பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிஎஸ் கணக்கில் உள்ள முகவரி பழைய தோட்டத்து முகவரியாக இருந்தால் உடனே மாற்றுங்கள். லயம் இடிபட்டுப் பத்தாண்டு ஆன பிறகும் அந்த முகவரிக்கே கடிதம் போய், உரிமைப் பங்குக்கான இறுதி நாளைத் தவறவிட்டவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். வாங்கிய அன்று ஒரு தாளில் தேதியையும், எதை நம்பி வாங்கினீர்கள் என்பதையும், அது எந்தக் காலாண்டு அறிக்கையில் தெரிய வேண்டும் என்பதையும் எழுதி, சிடிஎஸ் அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். அந்தக் காலாண்டும் அதற்கடுத்த காலாண்டும் வந்து, எழுதியது நடக்கவில்லையென்றால், விலை என்னவாக இருந்தாலும் விற்பதற்கான உத்தரவை மறுநாள் காலையில் தரகரிடம் கொடுத்துவிடுங்கள்.