சார்பா, இல்லையா? பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

பரந்தன், பூநகரி, மாங்குளம், ஓமந்தை. இந்த நான்கு ஊர்களையும் அவை இன்று இருக்கும் மாவட்டங்களோடு சோடி சேருங்கள். முதல் இரண்டுக்கும் கிளிநொச்சி, மாங்குளத்துக்கு முல்லைத்தீவு, ஓமந்தைக்கு வவுனியா. இந்தத் தொடர்பு கணிதத்தில் சொல்லும் சார்பா (function), அதாவது ஒவ்வோர் ஊருக்கும் ஒரே ஒரு மாவட்டம்தானா என்று கேட்டால், "கிளிநொச்சி ரெண்டு தரம் வருகுதே, அப்ப இல்லை" என்று சொல்லும் பிள்ளைகள் நிறையப் பேர். அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஊர்களை இடப்பக்கத்திலும் மாவட்டங்களை வலப்பக்கத்திலும் எழுதி அம்புக்குறியால் இணைத்தால், வலப்பக்கத்தில் ஒன்று எத்தனை தரம் வந்தாலும் வரட்டும். இடப்பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஒரே ஓர் அம்புக்குறி புறப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். தொடர்பைத் திருப்பினால் கிளிநொச்சியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பும். அப்போதுதான் அது சார்பு அல்ல.

மேலே "இன்று" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984 இல். அதற்கு முன் பரந்தன் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தது. "இன்று இருக்கும்" என்பதை "எப்போதாவது இருந்த" என்று மாற்றினால் பரந்தனுக்கு இரண்டு விடை, சார்பு போய்விட்டது. ஊர்கள் அதே ஊர்கள்தான், விதிதான் மாறியது. வினாவை முழுதாக வாசிக்காமல் அம்பு போடத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

ஆட்சியையும், அதாவது இடப்பக்கத்தில் தரப்படும் தொடையையும் கவனியுங்கள். அதிலுள்ள எல்லா உறுப்புக்கும் விம்பம், அதாவது வலப்பக்கத்தில் ஒரு சோடி வேண்டும். 1 ஐ எக்ஸால் வகுக்கும் விதிக்கு எல்லா மெய்யெண்களும் ஆட்சி என்று தந்தால் அது சார்பு அல்ல, 0 அநாதையாக நிற்கும். 0 ஐ நீக்கிவிட்டால் சரி.

வரைபு தந்தால் நிலைக்குத்துக் கோடு போட வேண்டும்; அது வரைபை எங்காவது ஒரு தரத்துக்கு மேல் வெட்டினால் சார்பு அல்ல. சிலர் கிடைக்கோடு போட்டு, "வை சமன் எக்ஸ் வர்க்கம்" என்ற அருமையான சார்பையே தள்ளிவிடுகிறார்கள். கிடைக்கோடு, சார்பு ஒன்றுக்கொன்றானதா, அதாவது வலப்பக்கத்திலும் எதுவும் இரண்டு தரம் வராததா என்று பார்ப்பதற்கு. அது அடுத்த கேள்வி.

அப்புறம், வையில் அடுக்கு இருந்தால் சார்பு இல்லை என்று பாடமாக்குவது. வை வர்க்கம் சமன் எக்ஸ் என்றால் 9 க்கு 3, −3 என இரண்டு விடை, உண்மைதான். ஆனால் வை கனம் சமன் எக்ஸ் என்றால் 8 க்கு 2 மட்டுமே. எந்த மெய்யெண்ணுக்கும் மெய்யான கனமூலம் ஒன்றுதான். அது சார்பு. வட்டமும் அப்படித்தான் ஏமாற்றும்: முழு வட்டம் சார்பு அல்ல, மேல் அரைவட்டத்தை மட்டும் எடுத்தால் சார்பு. இடப்பக்கத்து அரைவட்டத்தை எடுத்தால் மறுபடி இல்லை.