ஸ்பின்–ஆர்பிட் கணக்கில் சறுக்கும் இடங்கள்

எலக்ட்ரானின் ஸ்பினுக்கும் (அதன் உள்ளார்ந்த சுழற்சிக்கும்) அது கருவைச் சுற்றும் இயக்கத்துக்கும் உள்ள காந்தப் பிணைப்புதான் ஸ்பின்–ஆர்பிட் இணைப்பு. அதைக் கணினியில் கணக்கிடுபவர்கள் அயோடின் அணுவுக்கு ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். பெரிய மூலக்கூறில் ஒளிந்துகொள்ளும் பிழை இங்கே பளிச்சென்று தெரியும்.

அயோடினின் வெளிக்கூட்டில் 5பி ஆர்பிட்டால்களில் (எலக்ட்ரான் உலவும் பகுதிகளில்) ஐந்து எலக்ட்ரான்கள். ஒரு இடம் காலி. அந்தக் காலியிடம் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று திசை ஆர்பிட்டால்களில் எதிலும் இருக்கலாம். ஸ்பின் இரண்டு விதம். மொத்தம் ஆறு நிலைகள். ஸ்பின்–ஆர்பிட் இணைப்பு இவற்றைக் கீழே நான்கு, மேலே இரண்டு என்று பிரிக்கிறது. அளந்த இடைவெளி 7603 செ.மீ⁻¹ (நிறமாலையியலில் ஆற்றலைச் சொல்லும் அலகு). இது இணைப்பு மாறிலியைப் போல ஒன்றரை மடங்கு. ஆகவே மாறிலி சுமார் 5069.

இப்போது நேரத்தை மிச்சப்படுத்த இசட் ஆர்பிட்டால் நிலையை விட்டுவிடுகிறீர்கள் என்று வையுங்கள். எஞ்சிய நான்கும் இரண்டிரண்டாகப் பிரியும். இடைவெளி 5069 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. கணினி நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. ஒற்றைப்படை எலக்ட்ரான் இருந்தால் ஒவ்வொரு மட்டமும் குறைந்தது இரட்டையாக இருக்க வேண்டும் என்ற க்ராமர்ஸ் விதியும் இதைப் பிடிக்காது, இரட்டைகள் சரியாகவே இருக்கின்றனவே! அதனால்தான் ஆற்றலைப் பார்க்கும் முன் ஒவ்வொரு மட்டத்திலும் எத்தனை நிலைகள் என்று எண்ணச் சொல்கிறேன். சம ஆற்றல் நிலைகளை எடுத்தால் முழுக் குடும்பத்தையும் எடுங்கள்.

இன்னொரு பொறி, பூஜ்யம். மும்மை நிலை என்றால் மொத்த ஸ்பின் ஒன்று; இசட் திசையில் அதற்கு 1, 0, −1 என்று மூன்று கூறுகள். இரண்டு மும்மை நிலைகளுக்கு இடையிலான இணைப்பை, இரண்டிலும் இசட் திசை ஸ்பின் பூஜ்யமாக இருக்கும் கூறுகளை வைத்துக் கணக்கிட்டால் விடை எப்போதும் பூஜ்யம்தான். கோண உந்தங்களைச் சேர்க்கும்போது பெருக்கலாக வரும் கிளெப்ஷ்–கோர்டன் கெழு அங்கே பூஜ்யமாகிவிடுகிறது. இணைப்பே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இசட் திசை ஸ்பின் ஒன்றாக உள்ள கூறுகளை எடுத்துக் கணக்கிட்டு, மற்றவற்றை, ஒரு கூறிலிருந்து எல்லாக் கூறுகளையும் தரும் விக்னர்–எக்கார்ட் தேற்றத்தால் பெறுங்கள்.

அணுக்கருவின் மின்னூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதைச் சொல்லும் இரண்டு எலக்ட்ரான் உறுப்புகளைக் கைவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அவை எதிர்க்குறியோடு வந்து கருவின் பிடியைத் திரையிடுபவை. கனமான அணுவில் இந்தப் பங்கு சுருங்கும். கார்பன் போன்ற லேசான அணுவில் விட்டால் விடை வெகுவாக ஊதிப்போகும். முழுதாகக் கணக்கிட வசதியில்லையா, மற்ற எலக்ட்ரான்களின் விளைவைச் சராசரியாக எடுக்கும் சராசரிப் புல முறை இருக்கிறது. பெரும்பாலும் அது போதும்.

ஸ்பின்–ஆர்பிட் உறுப்புகள் அடங்கிய பிரைட்–பவுலி ஹாமில்டோனியனை (ஆற்றலைத் தரும் ஆபரேட்டரை) கொண்டு ஆர்பிட்டால்களையே உகப்பாக்க முயல வேண்டாம். கருவருகே தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதமாக ஏறும் உறுப்பு ஆற்றலை அடியில்லாமல் சரியவைக்கும். அதை முன்பே கண்டுபிடித்த நிலைகளின் மேல் திருத்தமாகப் போடலாம். ஆர்பிட்டால்களுக்குள்ளேயே ஸ்பின் விளைவு வேண்டுமென்றால் இப்படிச் சரியாத சார்பியல் முறைகளான டக்ளஸ்–க்ரோல் அல்லது எக்ஸ்2சி வழி.

அயோடினின் 28 உள் எலக்ட்ரான்களை விழுங்கிய போலி மின்னழுத்தம் (அந்த எலக்ட்ரான்களுக்குப் பதிலாக அவற்றின் விளைவை மட்டும் தரும் சார்பு) பயன்படுத்தும்போது ஒன்று கவனியுங்கள். கருவருகே ஆர்பிட்டாலின் உண்மையான வடிவம் அதில் இல்லை, இணைப்போ அங்கேதான் பிறக்கிறது. எனவே முழு அணுவுக்கான ஸ்பின்–ஆர்பிட் ஆபரேட்டரை அதன்மேல் ஏற்றாதீர்கள். அந்த மின்னழுத்தத்துக்கென்றே பொருத்தப்பட்ட ஸ்பின்–ஆர்பிட் பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.